முன்பாரம் ஏற்றிய அம்பு

வேட்டை அம்பின் முன்பக்கம் பாரம் கூடினால் ஆழமாகப் பாயும் என்று யாராவது சொன்னால் போதும், அநேகம் பேர் செய்வது ஒன்றுதான். 100 கிரெயின் (ஆறரைக் கிராம் அளவு) முனையைக் கழற்றிவிட்டு 200 கிரெயின் முனையைத் திருகி, அதே தண்டில் எய்து பார்ப்பார்கள். அம்பு நெளிந்து நெளிந்து போய்ப் பக்கவாட்டில் குத்தி நிற்கும். "இதெல்லாம் சும்மா கதை" என்று பழைய முனைக்கே திரும்பிவிடுவார்கள். முனைக்கு ஏற்றபடி தண்டையும் மாற்ற வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் இருப்பது திருகோணமலையில், சாம்பல்தீவுப் பக்கம். மகளும் மருமகனும் மெல்பேணில். வருட நடுவில் அங்கே குளிர் தொடங்கும்போது போய், மருமகனோடு விக்டோரியா மலைக்காட்டில் மரை (சாம்பார் என்னும் பெரிய மான்) தேடி நடப்பது வழக்கமாகிவிட்டது. அங்கே உரிமம் எடுத்தால் வில்லால் மரை வேட்டையாடலாம். அந்தக் காட்டு மரைகளின் முன்னோரில் ஒரு பகுதி 1860களில் இலங்கையிலிருந்து கப்பலேறிப் போனவை. ஊர் மரையை ஊரில் தொடக் கூடாது, கடல் கடந்து போய்த்தான் எய்ய வேண்டும் என்பது என் விதி. இங்கே 1937ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது; மான் மரையைத் தொட்டால் மறியல்தான். ஆகவே திருகோணமலையில் என் அம்பு பாயும் ஒரே உடம்பு, பழந்துணி இறுக்கி அடைத்த சாக்கு. அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மணல் குவித்து வைத்திருக்கிறேன். அம்பு கட்டுவது, நிறுப்பது, வெட்டுவது, எய்து பார்ப்பது எல்லாம் இந்த முற்றத்தில்தான் நடக்கிறது.

வில் 55 றாத்தல் இழுவையுள்ள, நுனிகள் எதிர்ப்பக்கம் வளைந்த ரிகேர்வ். கப்பி வைத்த கொம்பவுண்ட் வில் பிடிப்பவர்களுக்கு என் எண்கள் அப்படியே பொருந்தாது, முறை பொருந்தும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அம்பு எவ்வளவு முன்பாரமாக இருக்கிறது என்பதை எஃப்.ஓ.சி. என்று நூற்றுவீதத்தில் சொல்வார்கள். முனை திருகிய முழு அம்பை ஒரு கத்தியின் முதுகில் வைத்து, எந்தப் பக்கமும் சரியாமல் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அம்பின் பின் அந்தத்தில் இருக்கும் நொக்கில், நாண் உட்காரும் பள்ளத்திலிருந்து அந்தக் குறிவரை அளக்க வேண்டும். அதே பள்ளத்திலிருந்து தண்டின் முன் அந்தம்வரை அளந்தால் அம்பின் நீளம். முனையை இதில் சேர்ப்பதில்லை. நீளத்தில் பாதியை முதல் அளவிலிருந்து கழித்து, மிச்சத்தை நீளத்தால் பிரித்து, நூறால் பெருக்கினால் சரி. கடையில் வாங்கும் சாதாரண வேட்டை அம்புகள் 10க்கும் 15க்கும் இடையில் நிற்கும். 19ஐத் தாண்டினால் மிகை முன்பாரம் என்றும், 30ஐத் தாண்டினால் அதிலும் மிகை என்றும் வகை பிரித்தவர் எட் ஆஷ்பி. 1980களில் தென்னாபிரிக்காவின் நேட்டாலில் விலங்குகளின் உடலில் அம்புகளை எய்து, எது எவ்வளவு போகிறது என்று எழுதிவைக்கத் தொடங்கியவர். இந்தப் பேச்சு முழுவதற்கும் ஊற்று அவர்தான்.

அவருடைய பட்டியலைப் பலர் அரைகுறையாகத்தான் படிக்கிறார்கள் என்பது என் எண்ணம். அதில் முன்பாரம் மூன்றாவது. முதலாவது, அம்பு எங்கேயும் உடையாமல் வளையாமல் இருப்பது. இரண்டாவது, நேராகப் பறப்பது. கோணலாகப் போகும் அம்பில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும், அது குத்தும்போது தண்டு பக்கவாட்டில் வளைந்து தன் வேகத்தைத் தானே தின்றுவிடும். எனவே கீழே சொல்வது எல்லாம் இந்த இரண்டையும் கெடுக்காமல் மூன்றாவதை எப்படிக் கூட்டுவது என்பதுதான்.

முன்பாரத்தின் வேலை என்ன? காற்று அம்பைப் பிடித்துத் தள்ளும் மையம் இறகு இருப்பதால் பின்னால் கிடக்கும். எடையின் மையம் முன்னால் போகப் போக இரண்டுக்கும் இடைவெளி கூடும். இடைவெளி கூடினால் சின்ன இறகே அம்பைச் சீக்கிரம் நேராக்கிவிடும். குத்தும் நேரத்தில் இன்னொன்று நடக்கிறது. முனை தடைபட்டதும் பின்னால் வரும் தண்டு அதன்மேல் தள்ளுகிறது. பின்னால் பாரம் அதிகமாக இருந்தால் நடுவில் வளைகிறது. பாரம் முன்னால் இருந்தால் தண்டுக்குத் தள்ள அதிகம் இல்லை, முனை தன் பாரத்தாலேயே இழுத்துக்கொண்டு போகிறது. பப்புவா நியூகினியில் நாணல் தண்டில் கனமான வைர மரத்தை முன்னால் பொருத்தி, இறகே இல்லாமல் எய்கிறார்கள். வேடர்களின் பழைய அம்பைப் பார்த்தவர்களுக்கும் தெரியும், நீண்ட இரும்பு அலகு, மெல்லிய தண்டு. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் தமிழ் பேசும் வேடர் வழி மக்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களின் பாட்டன்மார் நூற்றுவீதம் கணக்குப் பார்த்து அந்த அலகைச் செய்திருக்கமாட்டார்கள்.

சரி, என் அம்புக்கு வருவோம். தொடங்கியது இப்படி: 29 அங்குலக் கார்பன் தண்டு, அங்குலத்துக்கு 8 கிரெயின், ஆக 232. நொக் 10. மூன்று பிளாஸ்டிக் இறகும் சேர்ந்து 24. அலுமினிய இன்சேர்ட் (தண்டுக்குள் ஒட்டி, முனையைத் திருகும் துண்டு) 16. முனை 100. மொத்தம் 382 கிரெயின். முன்பாரம் 12 வீதத்துக்குக் கிட்ட. முனையை மட்டும் 200 ஆக்கினால் மொத்தம் 482, முன்பாரம் 20ஐத் தாண்டிவிடும். தாளில் பார்க்க இது பிரமாதம். தண்டின் விறைப்பு மட்டும் இந்தக் கணக்கில் வராது.

விறைப்பை ஸ்பைன் என்பார்கள். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் தண்டை வைத்து, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறது என்ற அளவு. அரை அங்குலம் தொய்ந்தால் 500. அதைவிட விறைப்பானது 400, அதைவிட 340. எண் குறையக் குறைய விறைப்பு கூடும், இதில் புதியவர்கள் குழம்புவார்கள். நாண் பின்னாலிருந்து உதைக்கும்போது முன்னால் கனமான முனை நகர மறுக்கிறது. நடுவில் தண்டு அதிகமாக வளைகிறது. ஆக 500 தண்டு அதே 500தான் என்றாலும், முன்னால் 100 கிரெயின் கூடியதும் 600 தண்டைப்போல நடந்துகொள்ளும். இதற்கு வழி இரண்டு: விறைப்பான தண்டுக்கு மாறுவது, அல்லது தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்குவது. நான் 400 எடுத்து, தேவைக்கு மேல் நீளமாக வைத்துத் தொடங்கினேன்.

எந்த எடை எந்தத் தண்டுக்குச் சரி என்று இணையத்தில் கணிப்பான்கள் இருக்கின்றன. தொடங்கும் இடத்தைக் காட்ட அவை உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். நம்பிக்கையான வழி இறகில்லாத அம்பு. ஒரே மாதிரிக் கட்டிய அம்புகளில் இரண்டுக்கு மட்டும் இறகு ஒட்டாமல் விடுங்கள். பத்து மீற்றரில் நின்று இறகுள்ளதையும் இல்லாததையும் ஒரே புள்ளிக்கு எய்யுங்கள். வலக்கையால் நாண் இழுப்பவருக்கு, இறகில்லாத அம்பு வலப்பக்கம் விழுந்து, அதன் நொக் இடப்பக்கம் சாய்ந்து நின்றால் தண்டு தொய்வு. இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு. இடக்கைக்காரருக்கு இது தலைகீழ். தொய்வாக இருந்தால் கால் அங்குலம் வெட்டி மீண்டும் எய்ய வேண்டும். ஒரே மூச்சில் ஒரு அங்குலம் வெட்டத் தோன்றும். கை வைக்காதீர்கள், வெட்டியதை ஒட்ட முடியாது. விறைப்பாக இருந்தால் அதுதான் நல்ல செய்தி, முனையில் இன்னும் 25 கிரெயின் ஏற்ற இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

காலை ஆறரைக்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். மே மாதக் கடைசியில் கச்சான் காற்று எழும்பினால் எங்கள் பக்கம் பத்து மணிக்குப் பிறகு இறகில்லாத அம்பு எதையும் நேர்மையாகச் சொல்லாது. காற்று தள்ளியதா, தண்டு தொய்ந்ததா என்று பிரிக்க முடியாமல் மண்டை காயும். ஆனால் இறகு ஒட்டி முடித்த அம்புக்கு அதே கச்சான் நல்ல பரீட்சை. பெரிய இறகு போட்ட பழைய அம்பையும், சின்ன இறகு போட்ட முன்பார அம்பையும் பக்கக்காற்றில் மாறி மாறி எய்து பார்த்தால், எது அதிகம் ஒதுங்குகிறது என்பது சாக்கிலேயே தெரியும். என் முற்றத்தில் ஒவ்வொரு முறையும் ஒதுங்குவது பழையதுதான்.

எடை நிறுப்பதற்கு நகரத்தில் ஒரு நகைக்கடைக்குப் போவேன். கிராமில் இரண்டு மூன்று தசமம் காட்டும் தராசு வேறெங்கே இருக்கிறது? முதல் முறை கைக்குட்டையை விரித்து முனைகளை வரிசையாக வைத்தபோது, தராசுக்குப் பின்னால் இருந்த தம்பி ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார்.

"அண்ணன், இது என்ன சாமான்? உரசிப் பாக்கவா?"

"தம்பி, அது உருக்கு. நிறுத்து மட்டும் சொல்லுங்க."

"8.12." கொஞ்சம் யோசித்தார். "ஒரு பவுணுக்கு மேல இருக்கு அண்ணன். தங்கமா இருந்தா இண்டைக்கு நீங்க பெரிய ஆள்."

அது 125 கிரெயின் முனை. ஒரு கிராம் 15.43 கிரெயின், எட்டுக் கிராம் பவுண் 123 கிரெயினுக்குச் சற்று மேல். அன்றிலிருந்து வீட்டில் முன்பாரத்தைப் பவுண் கணக்கில்தான் பேசுகிறோம். 200 கிரெயின் முனையை ஒன்றரைப் பவுணுக்குச் சற்றுக் கூட என்று சொன்னால் மனைவிக்கு உடனே விளங்கும், உடனே கோபமும் வரும். தராசில் இன்னொன்றும் வெளிச்சமானது. ஒரே பெட்டியில் 125 என்று அச்சிட்டு வந்த முனைகள் எல்லாம் 125 இல்லை. இரண்டு மூன்று கிரெயின் கூடக்குறைய இருந்தன. எடை ஒத்துப்போவதை ஒன்றாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

பாரத்தை எங்கே வைப்பது? முனையிலேயே கூட்டலாம், இன்சேர்ட்டில் கூட்டலாம். கனமான புரோட்ஹெட் (வேட்டைக்கான அலகு முனை) விலை கூடியது, காட்டில் தொலைந்தால் வயிறு எரியும். ஆகவே பாதியைப் பித்தளை இன்சேர்ட்டில் வைக்கிறேன். 75 கிரெயின் பித்தளை இன்சேர்ட் வாங்கலாம். இல்லையென்றால் பித்தளைக் கம்பியைக் கடைசல் பட்டறையில் கொடுத்து, தண்டின் உள்விட்டத்துக்குக் கடைந்து, இன்சேர்ட்டுக்குப் பின்னால் ஒட்டும் துண்டாகச் செய்துகொள்ளலாம். 6.2 மில்லிமீற்றர் உள்விட்டத் தண்டுக்கு, ஒரு சென்ரிமீற்றர் நீளப் பித்தளை 2.5 கிராமுக்குச் சற்று மேல், அதாவது 40 கிரெயின் அளவு. கடைசல்காரரிடம் நீளத்தைவிட, வட்டம் பிசகக் கூடாது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். முன்னால் இருக்கும் பாரம் அரை மில்லிமீற்றர் ஒதுங்கினாலும் அம்பு ஆடிக்கொண்டு போகும். ஒட்டிய பிறகு முனையை உள்ளங்கையில் நிறுத்தி அம்பைச் சுழற்றுங்கள். கையில் அதிர்வு தெரிந்தால் கழற்றி மீண்டும் ஒட்டுங்கள்.

பரிசோதிக்கும் காலத்தில் சூடாக்கி ஒட்டும் பசை வசதி, கழற்றிக் கழற்றி மாற்றலாம். ஆனால் நெருப்பைக் கார்பன் தண்டில் நேராகக் காட்டாதீர்கள், உள்ளே பிசின் வெந்து தண்டு பலம் போய்விடும். இன்சேர்ட்டைத்தான் சூடாக்க வேண்டும். எங்கள் வெயிலில் ஒரு சிக்கல்: மூடிய வாகனத்துக்குள் மதியம் அம்புகள் கிடந்தால் அந்தப் பசை இளகும். பிறகு சாக்கிலிருந்து அம்பைப் பிடுங்கினால் தண்டு கையோடு வரும், முனையும் இன்சேர்ட்டும் சாக்குக்குள் தங்கிவிடும். முடிவான அளவு கிடைத்ததும் ஈபொக்ஸிக்கு மாறிவிடுங்கள். ஒட்டுமுன் தண்டின் உள்பக்கத்தைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள், கறுப்புத் தூள் வருவது நிற்கும்வரை. தண்டு வெட்டும்போது பறக்கும் அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டிக்கொள்ளுங்கள்.

பாரம் கூடிய அம்பு உடைந்தால் அநேகமாக இன்சேர்ட் முடியும் இடத்தில், அதற்குச் சற்றுப் பின்னால்தான் உடையும். அங்கே தண்டின் மேல் இறுக்கமாக உட்காரும் இரண்டு அங்குல அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்றைப் போட்டு ஒட்டினால் பலம் வேறு. பழைய அலுமினிய அம்பு கைவசம் இருந்தால் அதிலிருந்தே வெட்டலாம். இதுவும் முன்னால் சில கிரெயின் சேர்க்கும், கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லில் பட்ட கார்பன் அம்பை மறுபடி நாணில் ஏற்றுமுன் இரு கையாலும் பிடித்து வளைத்து, காதோரம் வைத்துக் கேளுங்கள். சின்னதாக ஒரு சடசடப்புக் கேட்டாலும் முறித்து எறிந்துவிடுங்கள். எய்யும்போது சிதறினால் சிலாம்பு போவது உங்கள் கைக்குள்.

இனி, என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது: பின்பக்கத்தைப் பாருங்கள். மேலே சொன்ன 382 கிரெயின் அம்பில் பிளாஸ்டிக் இறகைக் கழற்றி, மொத்தமே 9 கிரெயின் வரும் மெல்லிய இறகு ஒட்டினால் பின்னால் 15 கிரெயின் குறைகிறது. முன்பாரம் 12இலிருந்து 14ஐத் தொடும். அதே 15 கிரெயினை முனையில் கூட்டினால் 13.4தான் வரும். அம்பின் எடை மையம் நொக்கிலிருந்து 18 அங்குலத்தில் கிடக்கிறது. இறகு அதற்கு 15 அங்குலத்துக்கு மேல் பின்னால், முனை 12 அங்குலத்துக்குள் முன்னால். தூரம் கூடியவனுக்குத்தான் நெம்புகோலில் பலம். பின்னால் குறைத்தால் அம்பின் வேகமும் குறையாது. இருட்டில் தேடிப் பிடிக்க ஒளிரும் நொக் போடுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். அது பின்னால் ஏற்றும் பாரம், முன்னால் கஷ்டப்பட்டு ஏற்றியதில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துவிடும். மருமகனுக்கு ஒளிரும் நொக் இல்லாமல் முடியாது. "மாமா, அம்பு எங்க பட்டது எண்டு தெரியாம பிறகு என்னத்தைத் தேடுறது?" என்பார். அதிலும் நியாயம் இருக்கிறது. நான் போடுவதில்லை.

கடைசியில் நின்ற அம்பு: 400 ஸ்பைன் தண்டு, பித்தளை இன்சேர்ட், 200 கிரெயின் முனை, எல்லாம் சேர்த்து 570 கிரெயினுக்குக் கிட்ட, முன்பாரம் 22க்கு மேல். இதற்கு விலை உண்டு. பழைய அம்பு நொடிக்கு 190 அடி போனால் இது 160 அடிதான் போகும். வேகம் குறைந்தாலும் உந்தம் கால் பங்கு கூடுகிறது, ஆனால் அம்பு வழியில் விழும் அளவும் கூடுகிறது. கணக்குப் போட்டால் 20 மீற்றரில் பழையதைவிடச் சுமார் 24 சென்ரிமீற்றர் கீழே, 30 மீற்றரில் அரை மீற்றருக்கு மேல். தூரத்தை ஐந்து மீற்றர் பிழையாக மதித்தால் பழைய அம்பு மன்னிக்கலாம், இது மன்னிக்காது. ஆகவே எனக்கு 20 மீற்றர்தான் எல்லை. 200 கிலோவைத் தாண்டும் ஆண் மரை 28இல் வந்து நின்றாலும் வில்லை இறக்கிவிடுவேன். பக்கவாட்டில் நிற்காமல் முன்னோக்கி நிற்கும் மரைக்கும் அப்படியே. பாரமான அம்பு கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் கெட்ட கோணத்துக்கு எய்கிறவர்களை அங்கே பார்த்திருக்கிறேன், அவர்களோடு நடப்பதில்லை.

எலும்பு உடைக்க 650 கிரெயின் வேண்டும் என்று ஆஷ்பியின் வழி நடப்பவர்கள் சொல்வார்கள். என் வில்லுக்கு அந்த எடையில் அம்பு வளைந்து விழும் அளவு எனக்குப் பிடிக்கவில்லை. 70 றாத்தல் வில் பிடிக்கும் தோள் இருப்பவர்கள் போகட்டும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் உருக்கு முனை அலுமினிய இன்சேர்ட்டைத் தின்னும். ஒரு மழைக்காலம் திருகியபடி விட்டால் புரி இறுகிப்போய், கழற்றும்போது இன்சேர்ட்டே சுற்றும். திருகுமுன் புரியில் கொஞ்சம் கிறீஸ் தடவினால் போதும். புரோட்ஹெட் அலகுகளைத் தையல் மெஷின் எண்ணெய் தடவி, ஈரம் புகாத டப்பாவில் வைக்கிறேன். துரு பிடித்த விளிம்பைத் தீட்டினால் பழைய கூர் வந்துவிடும், ஆனால் தீட்டத் தீட்ட எடை குறையும். நகைக்கடைத் தம்பியிடம் மறுபடி போக வேண்டும்.

புரோட்ஹெட்டைச் சாக்கில் எய்வதில்லை, சாக்கும் போகும் கூரும் போகும். அதனால் கடைசிப் பரீட்சை மெல்பேண் போன பிறகுதான் நடக்கும். இறங்கிய மறுநாள், மருமகன் வீட்டுப் பின்வளவில் ஃபோம் கட்டையில், சாதாரண முனையையும் புரோட்ஹெட்டையும் மாறி மாறி எய்வோம். இரண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் நாணில் நொக் உட்காரும் புள்ளியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பார்ப்போம், அதிலும் சரிவராவிட்டால் காட்டுக்குப் போகும் பயணம் ஒரு நாள் தள்ளிப்போகும். லீவு எடுத்துவிட்டு நிற்கும் மருமகனுக்கு அது துண்டாகப் பிடிக்காது.